அந்த நாலு வருஷம் நான் நன்றாக இல்லை

சதீஷ் கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரு பேச்சுக்கு நான் “சரிப்பா” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு அந்தச் “சரிப்பா” தப்பு என்று தெரிந்துவிட்டது. திருப்பிக் கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. மூன்று நாளாக, வேலைக்குப் போய்வந்து, அடுப்பு வேலை முடித்து, உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

காவ்யாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இரண்டு பக்கமும் சினைப்பையில் கட்டி, இரண்டையும் எடுத்தாயிற்று, கர்ப்பப்பையை மட்டும் விட்டிருக்கிறார்கள், பரிசோதனையில் புற்று எதுவும் இல்லை. இதுவரைக்கும் நல்லது. இப்போது டாக்டர் ஹார்மோன் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார், அவளுக்குப் பயமாக இருக்கிறது. அவளுடைய பெரியம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது அவள் கண்ணிலேயே நிற்கிறது. நீ அவளுக்குத் தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு என்னை உதாரணம் காட்டியிருக்கிறாய். “எங்கம்மாவுக்கும் இதே ஆப்ரேஷன்தான் ஆச்சி. ஒரு ஹார்மோனும் எடுத்துக்கல. நல்லாத்தான் இருந்தாங்கன்னு சொல்லிட்டேம்மா. அவளும் வேணாம்னு முடிவு பண்ணிட்டா. இயற்கையா விட்டுடலாம்மா.” இவைதான் உன் வார்த்தைகள்.

அதில் இரண்டு பொய் இருக்கிறது. இரண்டும் உன்னுடையது இல்லை, என்னுடையது. நான் ஹார்மோன் எடுத்துக்கொண்டேன், ஒன்பது வருஷம். அதற்கு முன்னால் எடுத்துக்கொள்ளாத நாலு வருஷம் நான் நன்றாக இல்லை.

எனக்கு ஆபரேஷன் ஆனபோது முப்பத்தொன்பது வயது. நீ ஒன்பதாம் வகுப்பு. அதற்கு முன்னால் ஒரு வருஷமாக உதிரப்போக்கு நிற்கவே இல்லை. சேதராப்பட்டு சோப்புக் கம்பெனியில் பேக்கிங்கில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். ஒரு நாள் கம்பெனி பஸ்ஸில் சீட்டில் கறை பட்டுவிட்டது. அதற்குப் பிறகு வீட்டிலிருந்து சேதராப்பட்டு வரைக்கும் நின்றுகொண்டே போவேன். இடம் இருந்தாலும் உட்கார மாட்டேன். கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்றார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை, பெயர் எதற்கு. உன் அப்பாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அவர் படிக்காமல் போட்டார். நானும் கேட்கவில்லை. கண் விழித்தபோது டாக்டர் சிரித்துக்கொண்டே, “எல்லாத்தையும் சுத்தமா எடுத்தாச்சு, இனிமே தொல்லையே இல்ல” என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லாம் என்றால் எது எது என்று கேட்கத் தோன்றவில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் உடம்புக்குள் அனல் ஏற ஆரம்பித்தது. நெஞ்சிலிருந்து கிளம்பி கழுத்து, முகம், காது மடல் வரைக்கும் ஏறும். ஜாக்கெட் நனைந்துவிடும், அடுத்த நிமிஷம் குளிரும். பேக்கிங் மேஜையில் நின்றுகொண்டிருக்கும்போதே அட்டைப்பெட்டி மேல் வியர்வை சொட்டி, அந்தப் பெட்டியைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. தூக்கம் போயிற்று. முட்டியும் விரலும் வலித்தன. பெட்டியில் எத்தனை சோப்பு அடுக்கினேன் என்பது பாதியில் மறந்துபோகும், மறுபடி கொட்டி அடுக்குவேன். பக்கத்து டாக்டரிடம் போனால் சத்து மாத்திரையும் தூக்க மாத்திரையும் எழுதிக்கொடுத்து, “இதெல்லாம் பொம்பளைங்களுக்கு வர்றதுதான்” என்பார். வருவதுதான், ஆனால் மற்றவர்களுக்கு அது வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வரும், உடம்பு பழகிக்கொள்ளும். எனக்கு ஒரே நாளில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார்கள். அது எனக்கே அப்போது தெரியாது.

உன் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். மறந்திருந்தால் சந்தோஷப்படுவேன், ஆனால் மறந்திருக்க மாட்டாய். மதியம் இரண்டு சிநேகிதப் பையன்களோடு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாய். எல்லோரும் செருப்போடு வந்துவிட்டீர்கள். அன்று காலையில்தான் தரையைத் துடைத்திருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. கையிலிருந்த சோற்றுக் குண்டானை உன்மேல் எறிந்தேன். அது உன் காதோரம் உரசிப் போய்ச் சுவரில் அடித்தது. உன் சிநேகிதர்களுக்கு முன்னால் என்னென்னவோ சொன்னேன், அவற்றை இங்கே எழுத மாட்டேன். நீ மார்க்கு எழுதியிருந்த தாளை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனாய். நானூற்றைம்பதைத் தாண்டியிருந்தாய். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு, சிதறின சோற்றை அள்ளக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். எறிந்தது நான்தான் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை.

அடுத்த மாதம் நீ தவளக்குப்பத்தில் உன் மாமா வீட்டிலிருந்து ப்ளஸ் ஒன் படிக்கப் போனாய். அந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். நீயும் அப்படித்தான் சொன்னாய். உன்னை அனுப்பியது என் கை என்பது நம் இருவருக்கும் தெரியும். இருவரும் இத்தனை வருஷமாக அதைப் பேசவில்லை. இப்போது பேசுகிறேன். என்னை மன்னித்துவிடு. ஆபரேஷன்மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கவில்லை. குண்டானை எடுத்தது நான். ஏன் எடுத்தேன் என்பதை மட்டும் நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உன் வீட்டிலும் இப்போது ஒருத்தி இருக்கிறாள்.

உன் அப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை ஒரு மகனுக்கு அம்மா எழுதக் கூடாது என்பார்கள். உனக்கு முப்பத்திரண்டு வயது, ஒரு குழந்தைக்குத் தகப்பன், எழுதலாம். ஹார்மோன் நின்றுபோனால் பெண்ணுடம்பு உள்ளே வறண்டுவிடுகிறது. கணவன் கிட்டே வந்தால் வலி, சிறுநீர் போனால் எரிச்சல். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பிறகு பாயைத் தனியாகப் போட்டேன். தான் வேலை பார்த்த மில் மூடியபிறகு செக்யூரிட்டி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மனிதர், ஏற்கெனவே தன்னை ஒன்றுமில்லாதவனாக நினைத்துக்கொண்டிருந்தவர். அவர் என்ன நினைத்தார் என்பதைக் கேட்க எனக்கு நாலு வருஷம் ஆயிற்று.

நீ காலேஜில் சேர்ந்து கோயம்புத்தூர் போன அந்த ஆவணியில், பஸ் நிறுத்தத்தில் ஈரச் சிமெண்ட்டில் வழுக்கிக் கையூன்றினேன். பெரிய விழுகையே இல்லை, சின்னப் பிள்ளைகள் தினமும் விழுவது போலத்தான். மணிக்கட்டு முறிந்துபோயிற்று. அரசு ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்ட எலும்பு டாக்டருக்கு அது பிடிக்கவில்லை. நாற்பத்துமூன்று வயதில் இதற்கெல்லாம் எலும்பு உடையக் கூடாது என்று சொல்லி, எலும்புச் சத்தைப் பார்க்க ஒரு ஸ்கேன் எடுத்து, பழைய ஆபரேஷன் காகிதத்தோடு பெண்கள் பிரிவுக்குப் போகச் சொன்னார். பீரோவின் அடியில் கிடந்த அந்தக் காகிதத்தை நான் அதுவரை பிரித்ததே இல்லை.

அங்கே இருந்தது என்னைவிட இளையவளாக ஒரு டாக்டரம்மா. காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

“ஓவரி ரெண்டையும் எடுத்துட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?”

“கர்ப்பப்பையத்தான் எடுத்தாங்கம்மா.”

“அதோட சினைப்பை ரெண்டையும் எடுத்துருக்காங்க. இங்க எழுதியிருக்கு பாருங்க. அதுக்கப்புறம் என்னா மருந்து குடுத்தாங்க?”

“ஒண்ணும் குடுக்கலம்மா.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “நாலு வருஷமா எப்டி இருந்தீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாருமே கேட்டதில்லை. வெளியே பெஞ்சு நிறையப் பெண்கள் காத்திருந்தார்கள். நான் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் அவசரப்படுத்தவில்லை. பிறகு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இயற்கையாக ஐம்பதை ஒட்டி நிற்க வேண்டியது, எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னதாகவே நின்றுவிட்டது. அந்த இடைப்பட்ட வருஷங்களுக்கு உடம்புக்கு உரியதை வெளியிலிருந்து கொடுக்காவிட்டால், அனலும் தூக்கமின்மையும் மட்டும் இல்லை, எலும்பு தேயும், இதயத்துக்கும் நல்லதில்லை. “இது இளமைய இழுத்துப் புடிக்கிற மருந்து இல்லம்மா. ஒங்க ஒடம்பே செய்ய வேண்டியத வெளியேந்து குடுக்கறோம், அவ்ளோதான்” என்றார். மார்பைப் பரிசோதித்து, படம் எடுத்து, ரத்தம் பார்த்து, அதற்குப் பிறகுதான் எழுதிக்கொடுத்தார்.

முதலில் மாத்திரை. தினம் ஒன்று. மூன்றாவது வாரம் வேர்வை குறைந்தது, ஆனால் தலைவலி மண்டையைப் பிளந்தது. திரும்பப் போனபோது டாக்டரம்மா குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் உறைகிற நோய் உண்டா என்று மறுபடி கேட்டார். முதல் தடவை கேட்டபோது இல்லை என்று சொல்லியிருந்தேன். அப்போதுதான் எங்கம்மாவுக்குக் கால் வீங்கி, ரத்தம் கட்டிக்கொண்டு படுத்திருந்தது ஞாபகம் வந்தது. “இத மொதல்லயே சொல்லியிருக்கணும்” என்று கண்டித்தார். விழுங்குகிற மருந்து கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறைகிற வாய்ப்பு கொஞ்சம் கூடுமாம். தோல் வழியாகப் போவதில் அந்தக் கவலை குறைவாம். மாத்திரையை நிறுத்திவிட்டு ஒட்டுகிற பட்டைக்கு மாற்றினார். மறந்துபோகிற சின்ன விஷயம் எதுவும் டாக்டருக்குச் சின்ன விஷயம் இல்லை, சதீஷ்.

பட்டையை அடிவயிற்றில் ஒட்ட வேண்டும், வாரத்துக்கு இரண்டு முறை மாற்ற வேண்டும். தலைவலி போயிற்று. ஆனால் நம் ஊர் சித்திரை மாதத்து வேர்வையில் எந்தப் பசை நிற்கும்? பாவாடை நாடா உரசி ஓரம் சுருளும். ஒரு நாள் காலையில் பட்டையைக் காணோம். உன் அப்பா மேல்சட்டை இல்லாமல் டீக்கடைக்குப் போயிருந்தார். திரும்பி வந்தவர், “கடையில எல்லாரும் என்னாண்ணே முதுவுல டிக்கெட்டு ஒட்டியிருக்குதுன்னு சிரிக்கறானுங்க, என்னாமே இது?” என்று முதுகைக் காட்டினார். அங்கே ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்து எத்தனை காலம் ஆகியிருந்தது என்று அப்போதுதான் உறைத்தது. பாய் மறுபடி ஒன்றாகியிருந்தது என்பதையும் நீயே புரிந்துகொள்வாய். டாக்டரம்மாவும் சிரித்தார். பிறகு, அடுத்தவர் தோலில் இது படக் கூடாது என்று சொல்லி, தடவுகிற ஜெல்லுக்கு மாற்றினார். வறட்சிக்குத் தனியாக, உள்ளே வைக்கிற களிம்பு ஒன்றும் கொடுத்தார்.

ஜெல்தான் எனக்குப் பொருந்தியது. குளித்துவிட்டுத் தொடையில் அளவாகத் தடவி, காய்கிறவரை காத்திருந்து, கையைக் கழுவிவிட்டுத்தான் புடவை கட்டுவேன். ஒரு தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது அந்தக் குழாயை அலமாரியில் பார்த்துவிட்டாய். “என்னாம்மா இது, ஆஸ்பத்திரி வாட அடிக்குது?” என்று கேட்டாய். “முட்டிவலி தைலம்” என்றேன். உன்னிடம் சொன்ன பொய்களில் அதுதான் மிகச் சின்னது, இப்போது அதுதான் பெரிதாக வந்து நிற்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். விரல் வலி இன்றும் உண்டு. எலும்பு மேலும் தேயாமல் நின்றது, பழையபடி ஆகவில்லை. ஆனால் இரண்டு மாதத்தில் விடியும் வரை தூங்கினேன். பேக்கிங் மேஜையில் எண்ணிக்கை தப்பவில்லை. மூன்றாவது வருஷம் என்னை லைனுக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். உன் அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னார்: “வேல போனதுலேந்து ஒனக்கு என்னப் பாத்தா எளப்பமா ஆயிடுச்சின்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்.” நாலு வருஷம் அந்த மனிதர் அதைச் சுமந்துகொண்டு எனக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்திருக்கிறார், துணி காயப்போட்டிருக்கிறார். ஒரு டாக்டர் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவர் அதை நினைத்திருக்கவே வேண்டியதில்லை.

உன் கல்யாண வரவேற்பில் மைக்கைப் பிடித்து நீ ஒரு வேடிக்கை சொன்னாய். “நான் வீட்ட விட்டுப் போனதுக்கப்புறம்தான் எங்கம்மா சிரிக்கவே ஆரம்பிச்சாங்க.” மண்டபம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். உன்னால்தான் நான் அப்படி இருந்தேன் என்று நீ உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கிறாய் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். கூட்டத்தில் சொல்ல முடியாது, வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கலாம். வெட்கம். பெண்ணுக்குள்ளே இருப்பதைப் பிள்ளையிடம் பேசுவதா என்ற வெட்கம். அந்த வெட்கம் இப்போது உன் வாய் வழியாகப் போய் உன் பெண்டாட்டிக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறது. இனி அது எனக்கு வேண்டாம்.

அதனால் கேள். நான் எடுத்துக்கொண்டதை அப்படியே காவ்யா எடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்குக் கர்ப்பப்பை இல்லை, ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதுமாயிருந்தது. அவளுக்குக் கர்ப்பப்பை இருக்கிறது. அவளுக்கு அது மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும், அதற்குப் புரோஜெஸ்டிரோனும் கூடவே வேண்டும். பெரியம்மாவுக்கு மார்புப் புற்று வந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், எந்த வயதில் வந்தது, வேறு யாருக்காவது உண்டா என்பது வரைக்கும். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்ததாலேயே இவளுக்குக் கூடாது என்று ஆகிவிடாது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது டாக்டர், நீயும் இல்லை, நானும் இல்லை. நிஜமாகவே ஹார்மோன் கூடாது என்று அவர் சொன்னால், எலும்புக்கும் அனலுக்கும் வேறு வழி என்ன என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்து வர வேண்டும். அவளுக்கு முப்பத்தொரு வயது. நான் நாலு வருஷம் சும்மா விட்டதற்கே மணிக்கட்டு முறிந்தது. அவளுக்கு முன்னால் இருபது வருஷம் கிடக்கிறது. இயற்கையாக விட்டுவிடலாம் என்கிறாயே, அவளுக்கு நடந்ததில் இயற்கை எங்கே இருக்கிறது? நான் ஐம்பத்திரண்டில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு படிப்படியாகக் குறைத்து நிறுத்தினேன். அதுவரை வருஷத்துக்கு ஒரு முறை மார்பும் ரத்தமும் பார்த்துக்கொண்டேன். பயந்துகொண்டு இல்லை, பொறுப்பாக.

இதுவரை நேற்று எழுதி வைத்திருந்தேன். இன்று மதியம் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் காவ்யாவே கூப்பிட்டாள். உனக்குத் தெரியாது. முதலில் சும்மா பேசுவது போல வெயில், சாப்பாடு என்று பேசினாள். பிறகு குரல் மாறிப்போயிற்று.

“அத்த, நேத்து பாப்பா பாலக் கொட்டிட்டா. பளார்னு அறஞ்சிட்டேன். அவ அழக்கூட இல்ல, என்னயே பாத்துக்கிட்டு நின்னா. எனக்கு என்னா ஆவுதுன்னே தெரியல அத்த. நீங்க மட்டும் எப்டி ஒண்ணும் இல்லாம இருந்தீங்க?”

சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தேன். மணி அடித்து எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள், நான் போகவில்லை. குண்டானிலிருந்து ஜெல் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு முறை கூட அவள் பேசவில்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று “இருக்கியாம்மா?” என்று கேட்டேன். “இருக்கேன் அத்த. அப்ப இது நான் கெட்டவளா ஆயிட்டது இல்லல்ல?” என்றாள். “இல்லடி கண்ணு” என்றேன். உடனே டாக்டரிடம் நேரம் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை பதினோரு மணி என்று சாயங்காலம் சொன்னாள். வெள்ளிக்கிழமை பஸ் ஏறி நான் வருகிறேன். பாப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ அவளோடு உள்ளே போய் உட்கார்.

இப்படி ஒரு கடிதம் உனக்கு எழுதிக்கொண்டிருப்பதாகவும் அவளிடம் சொன்னேன். “மொதல்ல எனக்கு அனுப்புங்க அத்த, நான் படிச்சிட்டுக் குடுக்கறேன்” என்றாள். அதனால் உறையின்மேல் அவள் பெயரைத்தான் எழுதி, நாளைக் காலை கூரியரில் போடப்போகிறேன். உன் கைக்கு வரும்போது இது பிரித்துப் படித்ததாக இருக்கும். கோபித்துக்கொள்ளாதே. என் கதை உனக்கு முன்னால் அவளுக்குத்தான் தேவையாக இருந்தது.

படித்து முடித்ததும் இதை மடித்து அவளிடமே கொடு. பிறகு ஆபீசுக்கு ஒரு லீவு லெட்டர் எழுது.

அம்மா